புதுப்பிப்பு: அம்மாவின் நடையும் புங்க மரமும்

2020 மார்ச் கடைசியில் இங்கே கேட்டிருந்தேன்: பெங்களூரில் பூங்காக்களை மூடிவிட்டார்கள், சர்க்கரை உள்ள அம்மாவை எங்கே நடக்க வைப்பது? மொட்டை மாடி என்று நிறைய பேர் சொன்னீர்கள். நன்றி, அதைத்தான் செய்தோம். காலையில் இருபது சுற்று, சாயங்காலம் இருபது. முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நடந்தார்.

அவரை மாற்றியது மாடியை ஒட்டி நிற்கும் புங்க மரம். மார்ச் 25, யுகாதி அன்று ஊரடங்கு தொடங்கியபோது அதில் இளந்தளிர் பளபளத்தது. ஏப்ரலில் பூ உதிர்ந்து தெருவெல்லாம் பொரி கொட்டியது போல ஆனது. சங்கப் பாடல்களிலும் புங்கம்பூவுக்குப் பொரிதான் உவமை. அல்சூரில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், வண்டிச் சத்தத்தில் இதையெல்லாம் நின்று பார்த்ததே இல்லை. அம்மா தினமும் மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார்.

அப்புறம், மே 19 முதல் பூங்காக்கள் காலை 7 முதல் 9 வரை, மாலை 5 முதல் 7 வரை திறந்தன. உடற்பயிற்சிக் கருவிகள் பக்கம் போகவில்லை. முகக்கவசத்தோடு வேகமாக நடந்தால் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, அதனால் மெதுவாகவே போனோம். குல்மொஹர் மரங்கள் அப்போது முழுச் சிவப்பு. எதிர்வீட்டுக் கன்னட அஜ்ஜியும் (பாட்டி) சேர்ந்துகொண்டார். ஆறடி தள்ளி நடந்தபடி இருவரும் மாவடு ஊறுகாய் பற்றிப் பேசினார்கள். இவர் தமிழில், அவர் கன்னடத்தில்.

மாடி நடையையும் விடவில்லை. மழை நாளில் அதுவும் முடியாது, வீட்டுக் கூடம்தான்.