இமை கொட்டாத பார்வைக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்?

கேள்வி: அப்பா இறந்த அன்று அம்மா இமை கொட்டாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் அவருடைய மூக்குக்கண்ணாடி. அதை ஆங்கிலத்தில் எழுதுகிறேன். 'அன்பிளிங்க்கிங்' என்றால் ஏதோ போட்டி மாதிரி தொனிக்கிறது. வேறு சொல் உண்டா?

பதில்: 'ஸ்டீலி' வேண்டாம், அதில் கண்டிப்பு இருக்கும். 'கிம்லெட்' கூடவே கூடாது. அது மரத்தில் துளை போடும் சிறு கருவி. ஆளைத் துளைத்துப் பார்ப்பவர்களுக்குத்தான் பொருந்தும்.

இன்னொரு பதில்: 'கிளாஸி' பாருங்கள், 'கிளாஸ்' என்ற கண்ணாடியிலிருந்து வந்த சொல். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. நம் 'வெறித்த பார்வை'க்குப் பக்கத்தில் வரும். காய்ச்சலுக்கும் போதைக்கும்கூட அதையே சொல்வார்கள், கவனம்.

கேட்டவர்: பொருள் சரிதான். ஆனால் கையில் கண்ணாடி இருக்கும்போது அதே வரியில் இன்னொரு கண்ணாடி இடிக்கிறது. 'ஃபிக்ஸ்ட்' என்றே வைத்துவிட்டேன். அவள் பார்வை நிலைகுத்தித்தான் நின்றது. இருவருக்கும் நன்றி.