இரண்டு ஊசியும் கேட்கவில்லை: அடுத்தது டோசிலிசுமாபா, ரிடுக்ஸிமாபா?

நீலக்குடை:
முடக்குவாதத்தோடு ஒன்பது வருடம். வழக்கமான மருந்தான மெத்தோட்ரெக்சேட்டுடன் முதலில் எடனர்செப்ட் ஊசி போட்டார்கள். ஆறு மாதம் பார்த்தும் ஒன்றும் அசையவில்லை. அடுத்து அடாலிமுமாப். ஒரு வருடம் நோயையே மறந்திருந்தேன், அப்புறம் வீக்கம் மெல்ல மெல்லத் திரும்பியது. இன்று காலை தண்ணீர் பாட்டில் மூடியைப் பல்லால் கடித்துத்தான் திறந்தேன். டோசிலிசுமாப் அல்லது ரிடுக்ஸிமாப், யோசித்து வாருங்கள் என்கிறார் மருத்துவர். எதில் பலன் அதிகம்?

தாமரைத்தண்டு:
யோசிக்கவே வேண்டாம் அக்கா, டோசிலிசுமாப். 2013இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அடாக்டா ஆய்வில், மெத்தோட்ரெக்சேட் துணையில்லாமலே அடாலிமுமாபோடு நேருக்கு நேர் மோதி ஜெயித்த மருந்து. எனக்கு ஒரே மாதத்தில், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி 38இலிருந்து 1க்கு இறங்கியது.

ஓரக்கண்:
அண்ணா, அந்த ஆய்வில் இருந்தவர்கள் அதற்குமுன் எடனர்செப்ட், அடாலிமுமாப் போன்ற எந்த பயாலஜிக் ஊசியும் போடாதவர்கள். அக்கா இரண்டு பார்த்தவர். கேள்வியே வேறு. சிஆர்பியை நம்பினாலும் ஏமாறுவீர்கள். ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதம் சொல்லித்தான் கல்லீரல் சிஆர்பியைச் சுரக்கிறது. டோசிலிசுமாப் அந்த வழியையே அடைத்துவிடுகிறது. மூட்டு வீங்கியிருந்தாலும் ரிப்போர்ட் சுத்தமாக வரும். கிருமித் தொற்று வந்தால்கூடக் காட்டிக்கொடுக்காமல் போகலாம்.

தாமரைத்தண்டு:
ரிப்போர்ட்டை விடுங்கள். மூன்று வருடமாகக் கழற்ற முடியாத மோதிரம் இப்போது விரலில் சும்மா சுற்றுகிறது. அதுவும் கல்லீரல் வேலையா?

பழையமூட்டு:
நான் இரண்டு பேருக்கும் எதிர்க்கட்சி. அக்கா போட்ட இரண்டு ஊசியும் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தை அடக்குபவை. அடாலிமுமாப் ஒரு வருடம் கேட்டதல்லவா? பிறகு உடம்பு அந்த மருந்துக்கே எதிராக ஆன்டிபாடி உருவாக்கியிருக்கும். அதற்காக டிஎன்எஃப் வழியே தப்பு என்றாகிவிடுமா? அதே வகையில் கோலிமுமாப் இருக்கிறது, செர்டோலிசுமாப் இருக்கிறது. எனக்கு மூன்றாவது டிஎன்எஃப் ஊசிதான் கேட்டது.

ஓரக்கண்:
உருவாக்கியிருக்கும் என்பது உங்கள் ஊகம். இரத்தத்தில் மருந்தின் அளவையும் ஆன்டிபாடியையும் பார்த்தால் தெரிந்துவிடும். சரி, எடனர்செப்ட் முதல் நாளிலிருந்தே கேட்கவில்லையே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? 2016இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த பிரெஞ்சு ஆய்வு: ஒரு டிஎன்எஃப் ஊசி பலிக்காத 300 பேர். வேறு வகைக்கு மாறியவர்களில் 69 சதவீதம் பேருக்குப் பலன், இன்னொரு டிஎன்எஃப் போட்டவர்களில் 52. பாதிப் பேருக்குக் கேட்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது இரண்டாவது ஊசியின் கணக்கு. நீங்கள் அதே கதவை மூன்றாவது முறையும் தட்டச் சொல்கிறீர்கள்.

தாமரைத்தண்டு:
ஆய்வு ஆய்வு என்கிறீர்களே, 2021இல் வந்த ஆர்4ஆர்ஏ எங்கே போனது? மூட்டுச் சவ்வில் துணுக்கு எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். அந்தச் சவ்வில் பி செல் (ஆன்டிபாடிக்கு மூலமான வெள்ளணு) குறைவாக இருந்தவர்களில், டோசிலிசுமாப் போட்ட 63 சதவீதம் பேருக்கு நோய் மதிப்பெண் பாதியாவது குறைந்தது. ரிடுக்ஸிமாபில் 36தான். பி செல்லை அழிக்கிற மருந்து, பி செல்லே இல்லாத இடத்தில் யாரை அடிக்கும்?

ஓரக்கண்:
நல்ல அடி. ஆனால் அதே ஆய்வில், துணுக்கை நுண்ணோக்கியில் மட்டும் பார்த்துப் பிரித்தபோது வித்தியாசம் தெளிவாக வரவில்லை. அந்த மரபணுச் சோதனையை நமக்கு யார் செய்யப் போகிறார்கள்? நமக்குக் கைக்கெட்டுவது இரத்தப் பரிசோதனைதான். ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி-சிசிபி (முடக்குவாதத்தில் இரத்தத்தில் தென்படும் ஆன்டிபாடிகள்) பாசிட்டிவ் என்றால் ரிடுக்ஸிமாப் கேட்க வாய்ப்பு கூடுதல். அக்கா, உங்களுக்கு எப்படி? குடல் தொந்தரவு ஏதாவது உண்டா?

நீலக்குடை:
இரண்டும் பாசிட்டிவ். குடல்... நான்கு வருடம் முன் பெருங்குடலில் சின்னச் சின்னப் பைகள் புடைத்து அழற்சி என்று ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மூட்டு மருத்துவரிடம் சொன்னதில்லை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தாமரைத்தண்டு:
ஐயோ அக்கா, இதை முதலிலேயே சொல்லக்கூடாதா? அந்தப் பிரச்சினை இருந்தவர்களுக்கு டோசிலிசுமாபில் குடல் ஓட்டையாகும் ஆபத்து அதிகம். எனக்கு ஊசி எழுதுமுன் கேட்டதே அதைத்தான். என் சிபாரிசு வாபஸ். உங்களுக்கு மட்டும்.

ஓரக்கண்:
மருத்துவரிடம் போனதும் முதல் வேலையாக அதைச் சொல்லுங்கள். ரிடுக்ஸிமாப் என்று முடிவானால் ஹெபடைடிஸ் பி சோதனை கட்டாயம். தடுப்பூசி ஏதாவது பாக்கியிருந்தால் முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள். பிறகு போட்டால் சரியாகப் பிடிக்காது.

பழையமூட்டு:
இவ்வளவு பேசினீர்கள், இன்னொரு வகை ஊசியான அபடசெப்ட் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே?