தாம்பரம் பக்கம் வாடகை வீடு: விவரம் வேண்டும்

குழுவில் உள்ள ராமநாதபுரம் மாவட்டத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம். பாம்பனில் வசிக்கும் எங்கள் குடும்பத்தில் தங்கைக்குக் கிண்டியில் வேலை கிடைத்திருப்பதால், அவளும் அம்மாவும் தங்குவதற்குத் தாம்பரம் வட்டாரத்தில் வீடு தேடுகிறோம்.

1931 முதல் மின்சார ரயில் ஓடும் ஊர் என்பதால், கிண்டிக்கு வண்டி மாறாமல் போய்வரலாம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட அன்றே தொடங்கிய ராமேசுவரம்–தாம்பரம் ரயிலால், அம்மா நினைத்தபோது ஊருக்கு வந்து திரும்பவும் வழியிருக்கிறது. கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் வளாகமும் வண்டலூர்க் காடும் அருகிலேயே இருப்பதால் மர நிழலுக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறோம். உப்புக்காற்றில் தென்னையையும் உடைமரத்தையுமே பார்த்து வளர்ந்த அம்மாவுக்கு அது பெரிய ஆசை.

தயக்கம் மழையைப் பற்றித்தான். 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதை அறிவோம். தரகர்களோ காட்டும் வீடுகள் அனைத்தும் மேட்டில் இருப்பதாகவே சொல்கிறார்கள் (அவர்கள் கணக்கில் சென்னையில் பள்ளமே கிடையாது போலும்).

எனவே, சேலையூர், கிழக்குத் தாம்பரம், சானடோரியம் ஆகிய இடங்களில் குடியிருப்பவர்கள், எந்தத் தெருக்களில் மழைநீர் தேங்குவதில்லை, கோடையில் ஆழ்துளைக் கிணற்று நீர் சமையலுக்கு ஆகுமா, இரவு ஒன்பது மணிக்கு மேல் ரயில் நிலையத்திலிருந்து ஒரு பெண் அச்சமின்றி நடந்து வர முடியுமா என்பதைத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். இரண்டு அறைகள் போதும். தரைத்தளம் மட்டும் வேண்டாம்.