பிரிந்தவர்களை ஊர் சேர்த்துவைத்தால் போதுமா?

கடைசிப்பக்கம்:
நேற்று ராத்திரி இன்னொரு ‘இரண்டாம் வாய்ப்பு’ காதல் நாவலை முடித்தேன். பத்து வருடம் முன்பு சொல்லாமல் போனவன் ஊர் திரும்புகிறான். மருந்துக்கடை, கல்யாண வீடு, பாலத்தடி என்று அவன் போகிற இடமெல்லாம் அவள் எதிரே வருகிறாள். ஊர் சின்னது, அதனால் அப்படித்தான் நடக்கும் என்கிறார் ஆசிரியர். அவளைத் தேடி அவன் ஓர் அடி எடுத்துவைக்கவில்லை. விட்டுப் போனவன்தானே தேடி வர வேண்டும்? சிற்றூரை எடுத்துவிட்டால் இந்தக் கதைகள் நிற்காது.

தாழ்வாரம்:
ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய காதலனைத் தவிர்க்க நகரத்தில் நூறு வழி உண்டு, சின்ன ஊரில் கிடையாது. நான் படித்த ஒரு நாவலில் கடையில் அவளைப் பார்த்ததும் அவன், “அப்பா எப்படி இருக்கார்?” என்கிறான். அவர் இறந்து மூன்று வருடம். ஊரிலேயே அது தெரியாத ஒரே ஆள் அவன்தான். நின்றிருந்த நாலு பேரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அவள் மீதிச் சில்லறையை எண்ணி முடித்துவிட்டு, “அப்பா இல்லை” என்கிறாள். நகரத்தில் இந்தக் காட்சிக்கு உயிரே இருக்காது. அங்கே யாருக்குமே தெரிந்திருக்காது.

கடைசிப்பக்கம்:
நல்ல காட்சிதான். ஆனால் அவன் செய்த தவறுதான் அதில் தெரிகிறது, அவன் மாறியது தெரியவில்லை. ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ நாவலைப் பாருங்கள். பத்தொன்பது வயதில் பிறர் பேச்சைக் கேட்டு வென்ட்வொர்த்தை மறுத்த ஆன் எலியட், எட்டு வருடம் கழித்து அவனைச் சந்திக்கிறாள். 1816ல் ஆஸ்டின் முதலில் எழுதிய முடிவில், வென்ட்வொர்த்தின் அக்கா கணவர் அட்மிரல் க்ராஃப்ட் தெருவில் ஆன் எலியட்டைப் பார்த்துத் தன் வீட்டுக்கு அழைத்துப் போக, அங்கே வென்ட்வொர்த் இருக்கிறான். ஆஸ்டினுக்கே அது பிடிக்கவில்லை, மாற்றி எழுதினார். புதிய முடிவில் வென்ட்வொர்த் அவளுக்குத் தன் கையால் கடிதம் எழுதுகிறான். தற்செயல் போதாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

தாழ்வாரம்:
அதே நாவலில் வென்ட்வொர்த் ஏன் அந்தப் பக்கம் வந்தான்? எலியட் குடும்பத்து வீட்டை வாடகைக்கு எடுத்தது அவன் அக்காவும் அக்கா கணவரும். அதுவும் தற்செயல்தானே? முதல் சந்திப்பைக் கதை தரலாம் தோழி, தப்பில்லை.

மழைக்கோடு:
நடுவில் வருகிறேன். நம் பழைய பாட்டில் ஊடலும் உண்டு, பிரிவும் உண்டு. ஊடல் ஒரு பொழுதில் தீர்ந்துவிடும். பத்து வருடப் பிரிவை ஊடல் மாதிரி ஒரே மழைக் காட்சியில் முடித்துவைக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அந்த வருடங்களில் அவள் என்ன வேலை பார்த்தாள், யாரோடு சிரித்தாள்? அவளுக்கென்று ஓர் அத்தியாயம்கூட இல்லை. இவன் வருவதற்காகவே உட்கார்ந்திருந்த மாதிரி எழுதுகிறார்கள்.

கடைசிப்பக்கம்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். தாழ்வாரம், அந்தச் சில்லறைக் காட்சிக்கு அப்புறம் அவன் என்ன செய்தான்?

தாழ்வாரம்:
அவள் வீட்டுக்குப் போகவில்லை. அவள் அப்பாவோடு வேலை பார்த்த பெரியவரைத் தேடிப் போய், கடைசி நாட்கள் எப்படி இருந்தன என்று கேட்டு, ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கிறான். அவளிடம் அதைச் சொல்லவும் இல்லை.

கடைசிப்பக்கம்:
சரி, அவன் தேடிப் போயிருக்கிறான். பெயரைச் சொல்லுங்கள், படித்துவிட்டு வந்து மீதிச் சண்டை போடுகிறேன்.