பாட்டி தலைத்திவசம் – குடும்ப குரூப்

எமரால்டு சித்தி: [வீடியோ]
எமரால்டு சித்தி: நேத்து ராத்திரி நம்ம மேல்தோட்டத்துலயாம். பால்காரர் அனுப்பினார்

மைசூர் அத்தை: ஐயோ புலியா!!

திவ்யா: சித்தி, பின்னாடி பாக்கு மரம் நிக்குது. ஊட்டிப் பக்கக் குளிர்ல, எமரால்டுல ஏது பாக்கு 😂

சித்தப்பா: வீடியோ பொய்தான். ஆனா ஓடைப் பக்கம் கடமான் விடாம கத்துது. சும்மா கத்தாது

மைசூர் அத்தை: அப்ப கோவைலயே வச்சுக்கலாம். நான் அன்னிக்கே சொன்னேன்

எமரால்டு சித்தி: நீங்க சொன்னது தெரியும் அண்ணி

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். பதற வேண்டாம். 2006 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 76 புலிகள், 2022-ல் 306. காடு அந்த அளவுக்கு வளர்ந்ததா? வளர்ந்த ஆண்குட்டி அப்பன் எல்லையில் தங்க முடியாது, வேறு இடம் தேடித்தான் ஆக வேண்டும். முதுமலையில் உண்ணிச்செடியும் மஞ்சள் கொன்றையும் மண்டிக் கிடக்கின்றன, மானுக்கு மேய்ச்சல் இல்லை. மேலே முக்கூர்த்தி தேசியப் பூங்கா 78 சதுர கிலோமீட்டர்தான். அங்கும் புல்வெளியில் சீகை மரம் (வாட்டில்) ஏறிவிட்டது. புல் போனால் வரையாடு எங்கே நிற்கும், கடமான் எங்கே நிற்கும்? இரை போகிற பக்கம் புலியும் போகும்.

கார்த்தி: 👍

மைசூர் அத்தை: சீகையை நட்டது நம்ம அப்பாதானே பெரியண்ணா

பெரியப்பா: தவறு. நட்டது வனத்துறை. அப்பா எடுத்தது பட்டை கான்ட்ராக்ட் மட்டும். தோல் பதனிடப் போகும்.

சித்தப்பா: அந்தப் பட்டைக் காசுல யார் காலேஜ் படிச்சாங்க

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

திவ்யா: ஆரம்பிச்சாச்சு

மைசூர் மாமா: வெள்ளி ஆபீஸ் முடிஞ்சு கிளம்பினா சரியா வருமா?

கார்த்தி: மாமா, ராத்திரி 9 மணிக்கு பந்திப்பூர் கேட் மூடிருவாங்க. காலைல 6க்குதான் திறப்பாங்க. நீலகிரிக்குள்ள வர இ-பாஸ் வேற எடுக்கணும்

மைசூர் மாமா: லேட்டானா?

கார்த்தி: குண்டல்பேட்டைல ரூம் போடுங்க. வரும்போது கல்லட்டி மலைப்பாதை வேண்டாம், 36 கொண்டை ஊசி, அத்தைக்கு வாந்தி வரும்

மைசூர் அத்தை: அது ஒரே ஒரு தடவைதான்

சித்தப்பா: இன்னொண்ணு. கீழ் லைன்ல ஒருத்தரோட கறவை மாட்டை அடிச்சிருக்கு

எமரால்டு சித்தி: இதை எங்கிட்ட ஏன் சொல்லல??

சித்தப்பா: நீ கத்துவேன்னுதான். ஃபாரஸ்ட்ல எழுதிக் குடுத்து நிவாரணம் கேளுன்னு சொல்லியிருக்கேன். ஆள் ரொம்பக் கொதிச்சுப் போயிருக்கார். 2023-ல இந்தப் பக்கம் செத்த மாட்டுல விஷம் வச்சு ரெண்டு புலி போச்சு, மாட்டுக்காரர் ஜெயிலுக்குப் போனார். மறுபடி அது வேண்டாம்

பெரியப்பா: நீ சொன்னது சரி. நானும் அவரிடம் பேசுகிறேன்.

சித்தப்பா: நீங்க பேசாதீங்கண்ணா. பாவம் அவர்

திவ்யா: 😂😂

எமரால்டு சித்தி: ஐயருக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. சமையலுக்கு மட்டும் ஆள் வேணும். பொழுது விடியறதுக்கு முன்னாடி தோட்டம் தாண்டி வர மாட்டேங்கறாங்க

மைசூர் அத்தை: அதுக்குத்தான் கோவைங்கறேன்

கார்த்தி: ஓட்டு போடலாமா?

பெரியப்பா: [குரல் பதிவு 7:12]

திவ்யா: யாராவது கேட்டுட்டு சொல்லுங்க

மைசூர் மாமா: அப்ப வெள்ளியா சனியா? லீவ் போடணும்