கீழவீதி வீடு (குடும்பக் குழு)

செல்வி: [புகைப்படம்] [புகைப்படம்]
செல்வி: மாடியில வெச்ச தீனித் தட்டுக்கு இதுங்க ஏழெட்டு வருது. சிட்டுக்குருவி திரும்பி வந்துடுச்சா?

கோமதி அத்தை: சிட்டேதான். அம்மா இருந்திருந்தா அரிசியோட ஓடியிருப்பா 🙏

கார்த்தி: தூக்கணாங்குருவி?

மணி சித்தப்பா: ரெண்டும் இல்ல. முதுகைப் பாருங்க. சிட்டுலயும் தூக்கணாங்குருவியிலயும் பெட்டைக்கு முதுகுல கறுப்புக் கோடு ஓடும், கண்ணுக்கு மேல வெளுத்த புருவம் இருக்கும். இதுக்கு ஒரே பழுப்பு, புருவமே இல்ல, அலகு கட்டையா கருஞ்சாம்பல். புள்ளிச் சில்லை, இளசுங்க.

செல்வி: புள்ளி எங்க சித்தப்பா?

மணி சித்தப்பா: ரெண்டாவது படத்துல கம்பி மேல இருக்கே, அது வளர்ந்தது. மூஞ்சி செம்பழுப்பு, வெள்ளை வயித்துல மீன் செதிலாட்டம் வரி. இளசுக்கு அது வராது, அதான் எல்லாரும் ஏமாறுறது. இடுப்பு வெள்ளையா, வால் கறுத்துக் கூரா இருந்தா அது வெண்தொண்டைச் சில்லை, வேற.

கோமதி அத்தை: பழைய சோறு வை செல்வி

மணி சித்தப்பா: அக்கா, சோத்துக்குக் காக்காதான் வரும். இதுங்க புல்விதை தின்னுற ஜாதி. தினை, சாமை தோலோட வாங்கிக் காலையில ஒரு கைப்பிடி. சாயங்காலம் தட்டு நிறைய இருக்கிற மாதிரி தெரியும், ஊதிப் பார்த்தா வெறும் உமி. நனைஞ்சதைக் கொட்டிடு, பூஞ்சை பிடிக்கும். தட்டுக்கு அடியில நாலு ஓட்டை போடு. வாரம் ஒருக்கா வெந்நீர்ல தேய்ச்சு வெயில்ல காய வை.

கார்த்தி: பச்சை, சிவப்புச் சாயம் அடிச்சு விப்பாங்களே?

மணி சித்தப்பா: சில்லைங்கதான். பிடிச்சாலும் வித்தாலும் குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்.

கோமதி அத்தை: அய்யோ, மீனா பொண்ணுக்கு ஒரு ஜோடி சொல்லி வெச்சிருக்கேனே

மீனா: அத்தை!!

பெரியம்மா: ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. நாளைக்குப் பந்தல்காரர் வர்றார். தட்டை எடு முதல்ல.

மீனா: மண்டபம் பார்க்கலாம்னு அப்பவே சொன்னேன்

பெரியம்மா: ஆரம்பிக்காத

மணி சித்தப்பா: தட்டைப் பின்னாடி முருங்கைப் பக்கம் மாத்து. கண்ணாடி ஜன்னலுக்கு 3 அடிக்குள்ள, இல்லன்னா 30 அடி தள்ளி. நடுவுல வெச்சா மிரண்டு பறக்கிற வேகத்துல முட்டிச் சாகும்.

கோமதி அத்தை: முருங்கைய வெட்டியாச்சே. கார் நிறுத்த.

கார்த்தி: 🤐

செல்வி: ஒண்ணு நீளமா புல்லை இழுத்துட்டு மல்லிப் பந்தலுக்குள்ள போகுது. உள்ள உருண்டையா ஏதோ இருக்கு, பக்கவாட்டுல ஓட்டை.

மணி சித்தப்பா: கூடு! மல்லியைத் தொடாதீங்க. பந்தல்காரர்கிட்ட சொல்லிடு.

பெரியம்மா: அந்த மூலையிலதான் கால் நடணும்

மீனா: மண்டபம் 👆

மணி சித்தப்பா: அண்ணி, ஒரு கால் தள்ளி நட்டா போதும்

பெரியம்மா: உங்க அண்ணன் வரட்டும்

கோமதி அத்தை: சாமை கிலோ என்ன விலை?