மறு: இன்டர்கனெக்டருக்குத் தமிழில் என்ன போடலாம்?

குழுவினருக்கு வணக்கம். இரு நாடுகளின் எரிவாயுக் குழாய் வலையமைப்புகளை ஒன்றோடொன்று சேர்க்கும் குழாயை ஆங்கிலத்தில் இன்டர்கனெக்டர் என்கிறார்கள். கட்டுரை மொழிபெயர்ப்புக்காக அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள்.

> 'எல்லைகடந்த எரிவாயுக் குழாய்' என்று போட்டால் போதாதா?

போதாது ஐயா. எல்லையைத் தாண்டும் குழாயெல்லாம் இன்டர்கனெக்டர் ஆகிவிடாது. துர்க்மெனிஸ்தானிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியா வரத் திட்டமிட்ட தாப்பி குழாய் மூன்று எல்லைகளைத் தாண்டும். ஆனால் அது எரிவாயு வயலில் எடுத்ததை வாங்குகிறவரிடம் கொண்டுவந்து சேர்க்கும் குழாய், அவ்வளவுதான். பிரிட்டனின் பாக்டனையும் பெல்ஜியத்தின் ஸீப்ரூகையும் கடலடியில் சேர்க்கும் குழாய் வேறு ரகம். 1998 முதல் ஓடுகிறது, சுமார் 235 கி.மீ. இரு கரையிலும் முன்பே குழாய் வலையமைப்பு உண்டு. எந்தக் கரையில் விலை ஏறுகிறதோ அந்தப் பக்கம் வாயு திரும்பும்.

> அப்படியானால் 'இருவழிக் குழாய்'?

அதுவும் இடிக்கிறது. நீங்கள் மொழிபெயர்க்கும் கட்டுரையிலேயே இருக்கும் கிரேக்கம்–பல்கேரியா குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். 182 கி.மீ., 2022 அக்டோபரில் தொடங்கியது. வாயு பெரும்பாலும் வடக்கு நோக்கியே போகிறது. அதே ஆண்டு ஏப்ரலில் ரஷ்யா பல்கேரியாவுக்கு வாயுவை நிறுத்தியிருந்தது. அஜர்பைஜான் வாயு முழு அளவில் வர இந்தக் குழாய்தான் வழி திறந்தது. ஆக, திசை மாறுவது கூடுதல் வசதி. இரண்டு வலையமைப்புகளை ஒன்றோடொன்று கோத்துவிடுவதுதான் மூலக்கருத்து.

'இணைகுழாய்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல்தான், ஆனால் அதை வேறொன்றுக்கு எடுத்து வைக்க வேண்டும். இருக்கிற பாதையில் கூடுதல் வாயு அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கம்ப்ரசர் நிலையம் சேர்த்து அழுத்தத்தைக் கூட்டுவது. இன்னொன்று, ஓடுகிற குழாய்க்குப் பக்கத்திலேயே மற்றொன்றைப் பதித்து இரு முனையிலும் பழையதோடு சேர்ப்பது. இதை லூப் லைன் என்பார்கள். வாயு இரண்டாகப் பிரிந்து ஓடுவதால் அழுத்த இழப்பு குறையும். இணைகோடு படித்த எவரும் 'இணைகுழாய்' என்றதும் இதைத்தான் நினைப்பார்கள்.

என் பரிந்துரை 'பிணைகுழாய்'. 'எரிவளித் தடம்' போன்ற யோசனைகள் வேண்டாம் என்பது என் கட்சி. சேலத்தில் யாரைக் கேட்டாலும் குழாய்தான், அதுவும் மத்திய அரசின் எரிவாயு நிறுவனமான கெயில் பதிக்கும் குழாய். விளைநிலத்தில் பதிக்கக்கூடாது என்று இங்கே மேற்கு மாவட்டங்கள் ஏழிலும் போராட்டம் நடந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 பிப்ரவரியில் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அத்தனை வருடப் பேச்சில் ஊன்றிப்போன சொல்லை நாம் ஏன் பிடுங்க வேண்டும்?

சேலத்திலிருந்து

――――

> என் பரிந்துரை 'பிணைகுழாய்'.

பிணை என்றதும் ஜாமீன்தான் ஞாபகம் வருகிறது! செய்தித்தாளில் 'பிணைக்குழாய் திறப்பு' என்று போட்டால் சிறையில் குழாய் பதித்தார்களா என்று கேட்பார்கள். ஒற்று மிகுமா, மிகாதா? மின்சாரத்திலும் இன்டர்கனெக்டர் உண்டே, அதற்கு என்ன செய்வது?

ஏற்காட்டிலிருந்து

――――

ஒற்று மிகாது அம்மா. ஊறுகாய், சுடுகாடு மாதிரி இதுவும் வினைத்தொகை: பிணைத்த, பிணைக்கிற, பிணைக்கும் குழாய். 'க்' போட்டால்தான் நீங்கள் சொல்கிற ஜாமீன் வாடை வரும். பத்திரிகையில் போடத்தான் போகிறார்கள், அது வேறு விஷயம். அகராதிப் பதிவில் 'க் மிகாது' என்று குறித்துவிடலாம்.

மின்சாரத்துக்கு 'பிணைதடம்' சரியாக வரும், மின்தடம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. மேற்கு வங்கத்தின் பஹரம்பூரிலிருந்து வங்கதேசத்தின் பேராமாரா வரை 2013 முதல் மின்சாரம் போவது அப்படி ஒரு பிணைதடத்தில்தான். சிலிகுரியிலிருந்து அதே நாட்டுக்குப் போகும் டீசல் குழாயை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது எல்லை தாண்டும் வழங்கல் குழாய், தாப்பி கட்சி.

லூப் லைனுக்கு 'இணைகுழாய்', இன்டர்கனெக்டருக்கு 'பிணைகுழாய்' என்று இரண்டையும் சேர்த்தே பதியலாமா? ஆட்சேபம் இருப்பவர்கள் எழுதுங்கள். வாயு திசை மாறி ஓடும் ரிவர்ஸ் ஃப்ளோவுக்கு 'எதிரோட்டம்' போதும் என்பது என் எண்ணம். அதைத் தனி இழையில் பேசுவோம்.